அஞ்சு சுத்து அக்கா

பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. "அஞ்சு சுத்து அக்கா வந்தாச்சா?" என்பார் வாயில் காவலர். "அஞ்சு சுத்துகிட்ட கையெழுத்து வாங்கியாச்சா?" என்பார் மேலாளர். வயதில் மூத்தவரான டிரைவர் மட்டும் "தங்கச்சி" என்பார். கோபம் வந்தால் அவரும் "ஏ அஞ்சு" என்று சுருக்கிவிடுவார்.

மலைச்சாலையில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்ட வண்டிகளை மேலே இழுப்பது எங்கள் மீட்பு வண்டியின் வேலை. அதன் முகப்பில் வின்ச் இருக்கிறது: ஓர் இரும்பு டிரம், அதைச் சுழற்ற ஒரு மோட்டார், டிரம்மில் சுற்றிய நாற்பது மீட்டர் இரும்புக் கேபிள். டிரைவர் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பார். அக்கா கேபிளின் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்குவார். கிடக்கிற வண்டியில் மாட்டிவிட்டு ஏறி வந்து வின்ச்சை இயக்குவார். பதினேழு வருடம் இதைச் செய்திருக்கிறார். இழுவைப் பதிவேட்டை எழுதுகிறவன் என்பதால் கணக்கு எனக்குத் தெரியும்.

கேபிளை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனாலும் டிரம்மில் ஐந்து சுற்றாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். கேபிளின் முனையை டிரம்மோடு பிடித்திருப்பது சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு திருகு. பாரத்தைத் தாங்குவது அதுவல்ல. டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும் சுற்றுகள்தான். ஐந்தாவது சுற்று விடுபடும் இடத்தில் கேபிளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். சிவப்பு கண்ணில் பட்டால் அவர் கை நின்றுவிடும். "இன்னும் ஒரு மீட்டர்தானேக்கா" என்று மேலாளரே கெஞ்சினாலும் நிற்கும். "அந்த ஒரு மீட்டர்ல நீங்க வந்து நில்லுங்க சார், விடறேன்" என்பார்.

அவருடைய கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையே கடை. "எங்க வீட்ல நூல்கண்டுல கூட அஞ்சு சுத்து மிச்சம் வைக்கணும். இல்லன்னா சோறு கிடையாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் குரலில் குறை இருக்காது.

போன மழைக்காலத்தின் முடிவில் அக்காவின் வலது தோள் மக்கர் பண்ணியது. ஒரே நாளில் நடந்ததல்ல. பதினேழு வருடம் சேர்த்து வைத்த வலி. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். பத்துக் கிலோவுக்கு மேல் அந்தக் கை இனி தூக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. நாற்பது மீட்டர் இரும்புக் கேபிளின் எடை முப்பது கிலோ.

மேலாளர் நல்ல மனிதர். "தொலைபேசி மேஜைக்கு வந்துடுங்கக்கா. நிழல், மின்விசிறி, மெத்தை வெச்ச நாற்காலி" என்றார்.

"நாற்காலில உக்காந்தா எனக்கு முதுகு வலிக்கும் சார்."

"அப்ப தோள் வலி?"

"அது வேலை குடுத்த வலி. இது வேலை இல்லாத வலி."

மேலாளர் சிரித்தார், ஆனால் யோசித்தார். செயற்கை இழையில் முறுக்கிய ஒரு புதுக் கயிறு வந்திருப்பதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது. அதே நாற்பது மீட்டர், ஐந்து கிலோ கூட இல்லை. இரும்பைவிட அதிகப் பாரம் தாங்கும். ஆனால் எங்கள் சாலைக்கு அது ஒத்துவருமா என்பது யாருக்கும் தெரியாது.

"எந்தக் கேபிள் சரின்னு நீங்களே எழுதிக் குடுங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்? புதுக் கயிறு சரிப்பட்டா நீங்க வண்டியில இருங்க. இரும்புதான் வேணும்னா மேஜை" என்றார் மேலாளர்.

இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஒருவருக்கு இதைவிடக் கடினமான கேள்வியைக் கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறவன் தான் சொல்வது பொய் என்றாவது அறிந்திருப்பான். தனக்கு வேண்டியதே உண்மையாகவும் இருந்துவிடட்டும் என்று ஆசைப்படுகிறவனுக்குப் பார்வை எந்த இடத்தில் வளைந்தது என்பதே தெரியாது. கெட்டிக்காரர்கள் பலர் வழுக்கிய இடம் அது.

அக்கா அன்று மாலை டிரைவரிடம் போனார். அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க எனக்கு எதிரா பேசணும்."

"நான் எப்பவும் அதைத்தானே பண்றேன்?"

"இந்தத் தடவை நல்லா பேசணும். அந்தப் புதுக் கயிறு எனக்கு வேணும்னு ஆசையா இருக்கு. ஆசைப்பட்ட கண்ணுக்குக் குறை தெரியாது. உங்க கண்ணைக் குடுங்க."

டிரைவர் தேநீரைக் கீழே வைத்தார். கடிதத்தோடு வந்திருந்த புதுக் கயிற்றின் மாதிரித் துண்டு, ஒரு முழம் இருக்கும், அவர் கைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "இது என்ன, துணி காயப்போடுற கொடியா? பாறை விளிம்புல ஒரு உரசல் போதும், நூல் நூலா பிரிஞ்சிடும். இரும்புன்னா பாறைதான் தேயும்."

"சரி. அப்புறம்?"

"வெயில்ல கெட்டுப்போகும். சூட்டுல இளகும். பேசாம இன்னும் தடியா இரும்பே போடுவோம். நீ மேல நின்னு வின்ச்சைப் பாரு. நான் இழுத்துட்டு இறங்கறேன்."

"உங்க முட்டி இறங்குமா?"

"முட்டியை இழுக்காத."

"தடியா போட்டா டிரம்ல எத்தனை மீட்டர் கொள்ளும்? முப்பது கொள்ளாது. அடுக்கு மேல அடுக்கு ஏறும். இந்த வின்ச்சுக்கு முழு பலம் அடி அடுக்குலதான். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் பலம் குறையுது. கேபிள் மட்டும் பலமா இருந்து என்ன பண்றது? தடியா இருக்கறதெல்லாம் பலம்னு நினைக்கறது நம்ம ஊர் வியாதி."

"அதுல உனக்கு ஒரு மார்க்கு. பாறைல எனக்கு ஒரு மார்க்கு" என்றார் டிரைவர்.

அந்த ஒரு மார்க்கை அக்கா வாயால் தீர்க்க முயலவில்லை. என்னிடம் வந்து ஆறு வருடப் பதிவேட்டைக் கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு இழுவைகள். எந்த வளைவு, எத்தனை மீட்டர் பள்ளம் எல்லாம் அதில் உண்டு. கேபிள் எதன் மேல் கிடந்தது என்பது மட்டும் இல்லை. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான்கு ஓய்வு நாட்கள், இருவரும் டிரைவரின் ஸ்கூட்டரில் மலையேறி ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தார்கள். மண்ணா, புல்லா, தார் விளிம்பா, பாறையா என்று குறித்தார்கள். பாறையில் உரசும் இடம் இருபத்தெட்டு என்றார் டிரைவர். அக்கா தம் பக்கத்துக்கு எதிராக மூன்றைக் கூட்டி முப்பத்தொன்று என்றார்.

"எனக்காகப் பேசறியா, உனக்காகப் பேசறியா?" என்று கேட்டாராம் டிரைவர்.

"அந்த மூணு இடத்துல நான் இறங்கியிருக்கேன். நீங்க மேல நின்னு பாட்டு கேட்டுட்டு இருந்தீங்க."

முப்பத்தொன்றில் பத்தொன்பது இடங்களில், பக்கத்து மரத்தில் கப்பி கட்டிக் கயிற்றைப் பாறையிலிருந்து விலக்கிவிட முடியும். மிச்சம் பன்னிரண்டு. அவற்றுக்குக் கயிற்றின் மேல் மாட்டும் உறை ஒன்றைத் தையல்காரர் தைத்துக் கொடுத்தார். கூடாரத் துணி, இரண்டு மடிப்பு, லாரி இருக்கை தைக்கும் நூல். மாதிரித் துண்டை உறைக்குள் விட்டுப் பாறை விளிம்பில் முந்நூறு தடவை இழுத்தார்கள். உறையில் ஓட்டை விழுந்தது. கயிற்றில் ஒரு பிசிறு கூட இல்லை. டிரைவர் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை தையல் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா அதோடு நிற்கவில்லை. வின்ச்சிலிருந்து கேபிள் வெளியே வரும் இடத்தில் நான்கு உருளைகள் உண்டு. அதை நாங்கள் வாய் என்போம். கணவரின் கடையிலிருந்து வழவழப்பான லைனிங் துணி ஒரு துண்டு கொண்டுவந்து, அந்த உருளைகளின் மேல் மெல்ல ஓட்டினார். துணி மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது. பதினேழு வருடமாக இரும்புக் கேபிள் உருளைகளை அராவிக் கண்ணுக்குத் தெரியாத முட்களை எழுப்பியிருந்தது.

"பாத்தியா? கிழியும்னு சொன்னேன்ல" என்றார் டிரைவர், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"கயிறு மேல குத்தம் இல்லண்ணே. வாய்ல பல்லு இருக்கு. வாயை மாத்தணும்."

புதுக் கயிறும், அதற்கேற்ற வழவழப்பான அலுமினிய வாயும் சேர்ந்தே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கயிற்றின் பருமனையும் எழுதினார். வின்ச்சின் முழு இழுவையைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும், நாற்பது மீட்டரும் டிரம்மில் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் பருமன் அது. அதைவிடத் தடியாகவும் வேண்டாம், மெல்லியதாகவும் வேண்டாம். விண்ணப்பத்தின் தலைப்பில் 'வின்ச் கேபிள்' என்று இருந்தது. கொள்முதல் பிரிவு சிரத்தையோடு வின்ச் மோட்டாரையும் பேட்டரியையும் இணைக்கும் மின்கேபிளை வாங்கி அனுப்பியது. நாற்பது மீட்டர்.

"இதை மாட்டினா வண்டி மேல வராது, ஷாக்தான் வரும்" என்றார் டிரைவர். அதன் பிறகு அக்கா எல்லாத் தாளிலும் 'இழுவைக் கயிறு' என்றே எழுதினார்.

இரண்டாவது பார்சலில் கயிறு வந்தது. வாய் வரவில்லை. மேலாளர் உற்சாகமாக வந்தார். "கயிறு வந்தாச்சுக்கா. மாட்டிட்டு ஏறுங்க. வாய் பின்னாடி வரும்."

"மாட்டினா கயிறை மென்னு துப்பிடும் சார்."

"ஒரு மாசம்தானே. பாத்துப் பாத்து ஓட்டுங்களேன்."

"பாத்து ஓட்டலாம். பள்ளத்துல நிக்கறவனுக்கு அது தெரியுமா?"

அந்த ஒரு மாதம் அக்கா தொலைபேசி மேஜையில் இருந்தார். ஒரு முறை அங்கே உட்கார்ந்தவர்களை மறுபடி வண்டிக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் பணிமனையில் இல்லை; அது அவருக்கும் தெரியும். அவர் இடத்தில் வேறொருவர் பழைய இரும்புக் கேபிளோடு வண்டியில் போனார். டிரைவர் தினமும் மலையிலிருந்து போன் செய்து புலம்புவார். "இங்க ஒருத்தர் கேபிளைப் பாம்பு பிடிக்கற மாதிரி பிடிக்கறார் தங்கச்சி. நீ எப்ப வரே?" அக்கா, "மீட்புப் பிரிவு, சொல்லுங்க, எந்த வளைவு?" என்று அலுவல் குரலிலேயே பதில் சொல்வார். ஆனால் போனை வைத்த பிறகு சற்று நேரம் அந்தக் கை போன் மேலேயே இருக்கும். இடையிடையே கயிற்றோடு வந்த விளக்கத்தாளை எடுத்து வைத்துப் படிப்பார்.

வாய் வந்தது. கயிறு ஏறியது. உபயோகத்துக்கு ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஜல்லி நிரப்பிய லாரியை நிறுத்தியிருந்தோம். இதில் தேறினால் அக்கா வண்டியில், தேறாவிட்டால் மேஜையில். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கொக்கியை இடது கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் கயிறு புல்லின் மேல் சத்தமில்லாமல் வந்தது. முப்பது கிலோ இரும்பு சங்கிலிபோலக் கிணுகிணுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அவர் எதையோ மறந்துவிட்டுப் போகிறார் என்றே தோன்றியது. புதுக் கயிற்றிலும் அவர் அடித்திருந்த சிவப்பு தெரிந்ததும் டிரைவர் மேலிருந்து குரல் கொடுத்தார்: "அஞ்சு சுத்து! சரியா?"

"சரி!"

அக்கா ஏறி வந்து வின்ச்சை இயக்கினார். கயிறு விறைத்தது. லாரி ஓர் அடி ஏறியது. பிறகு டிரம் சுற்றியது, கயிறு சுற்றவில்லை. ஐந்து சுற்றும் டிரம்மின் மேல் வழுக்கின. முனையில் இருந்த திருகு 'டக்' என்று விட்டது. லாரி ஏறிய அந்த ஓர் அடியும் பின்னால் நகர்ந்து, சக்கரங்களுக்குக் கொடுத்திருந்த கட்டையில் மோதி நின்றது. அக்கா அதற்குள் மோட்டாரை நிறுத்தியிருந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "கயிறு பிடிக்கலை. வழுக்குது. அவ்வளவுதான்."

மெக்கானிக் ஒருவர் உதவிக்கு வந்தார். "திருகு லூசா இருந்திருக்கும் சார். மறுபடி முடுக்கிப் பாக்கலாம்." நல்ல வழி அது. கயிறும் தப்பும், அக்காவும் தப்புவார், திருகுக்கு மானம் மரியாதை கிடையாது.

அக்கா டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டிக்குள் போய் விளக்கத்தாளை எடுத்து வந்தார். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். உதடு அசையப் படித்தார்.

"திருகு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் முடுக்கினேன். கயிறும் சரி. எண்ணிக்கைதான் தப்பு" என்றார். தாளை ஆய்வாளரிடம் நீட்டினார். "இந்தக் கயிறு வழவழப்பு. இரும்பு மாதிரி டிரம்மைக் கவ்வாது. பத்து சுத்து மிச்சம் வைக்கணும்னு இதுல போட்டிருக்கு. நான் அஞ்சுல சிவப்பு அடிச்சேன்."

"இதை நீங்க படிக்கலையா?"

"சூடு பத்திப் படிச்சேன். வெயில் பத்திப் படிச்சேன். சுத்துன்னு தலைப்பைப் பாத்ததும், இதைப் போய் எனக்கே சொல்லித் தர்றானான்னு அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டேன்."

தன் பெயராகவே ஆகிவிட்ட ஒன்றை மனிதன் சோதித்துப் பார்ப்பதில்லை. நாமெல்லாம் ஏதோ ஓர் ஐந்தை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள்தான். ஆனால் அந்த ஐந்து பொய்த்துப்போன அதே இடத்தில், எல்லோர் முன்னாலும் நின்று, குரல் இறங்காமல் அதைச் சொன்னவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப தப்பு உங்களோடது" என்றார் ஆய்வாளர்.

"என்னோடதுதான். என் பேர்ல எழுதிக்குங்க. கயிறு பேர்ல எழுதாதீங்க. நாளைக்கு வேற யாருக்காவது இது தேவைப்படும்."

அப்போது டிரைவர் முன்னால் வந்தார். இரண்டு மாதமாக அந்தக் கயிற்றைத் திட்டியவர். "ஐயா, பதினேழு வருஷமா எங்க எல்லாரையும் அஞ்சு அஞ்சுன்னு அதட்டினவங்க இவங்க. இன்னிக்குத் தன்னையே அதட்டிக்கிட்டாங்க. இப்படி ஒரு ஆளை மேஜைல உக்கார வெச்சா போனுக்குத்தான் கஷ்டம். இன்னொரு தடவை இழுத்துப் பாத்துட்டு எழுதுங்க."

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பேனாவை மூடினார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்னரை மணி நேரம். அவசரப்பட மாட்டேன்."

கயிறு முழுவதையும் வெளியே எடுத்து, திருகு விட்ட இடத்தையும் வழுக்கிய இடத்தையும் விரலால் ஓட்டிப் பார்த்தார்கள். புதுத் திருகு போட்டார்கள். மறுமுனையை டிரைவர் இழுத்துப் பிடிக்க, அக்கா சுற்றுக்குச் சுற்று நெருக்கமாக, இறுக்கமாகச் சுற்றினார். பத்து வரை வாய்விட்டு எண்ணினார். ஆறு என்று சொல்லும்போது டிரைவர், "ஐயோ, புதுசா இருக்கே" என்றார். அக்காவும் சிரித்துவிட்டார். பழைய சிவப்பைக் கறுப்பால் அழித்துவிட்டுப் பத்தாவது சுற்றில் புதுச் சிவப்பு அடித்தார். பெயின்ட் காயும்வரை எல்லோரும் காத்திருந்தோம், ஆய்வாளர் உட்பட.

இரண்டாவது முறை லாரி ஏறிய விதத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஏறியது. நல்ல வேலை எப்போதும் அப்படித்தான், பார்க்கிறவனுக்குக் கதையாகாது. ஆய்வாளர் 'ஏற்கலாம்' என்று கையெழுத்திட்டு, அக்காவிடம் தாளைக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார்.

அன்று மாலை பதிவேட்டில் குறிப்புப் பகுதியில், 'முதல் முயற்சி முழுமை பெறவில்லை. இரண்டாம் முயற்சி வெற்றி' என்று எழுதி அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். பெருந்தன்மை என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன்.

"இதைப் படிச்சா யாருக்கு சார் என்ன புரியும்?" என்று பேனாவை வாங்கினார். வலது கை உயரவில்லை. நோட்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு எழுதினார்: 'இழைக் கயிற்றுக்குப் பத்துச் சுற்று வேண்டும். நான் இரும்புக் கணக்கில் ஐந்து வைத்தேன். வழுக்கியது.' கையெழுத்தைத் தேவையைவிடப் பெரிதாகவே போட்டார். ஆறு வருடப் பதிவேட்டில், அடுத்து வருகிறவருக்குப் பயன்படும் குறிப்பு அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நான்கு நாள் கழித்து மூன்றாம் வளைவில் ஒரு பால் வண்டி இறங்கிவிட்டது. நான் மேஜையில் இருந்தேன். வயர்லெஸ்ஸில் இருவர் குரலும் கேட்டது. அக்கா பள்ளத்தில் கொக்கியை மாட்டிவிட்டார் போலும். டிரைவர் மேலிருந்து பழைய பழக்கத்தில் கேட்டார்:

"அஞ்சு சுத்து, ரெடியா?"

"ரெடிண்ணே. பத்து இருக்கான்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க."

வயர்லெஸ்ஸில் சற்று நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. டிரைவர் உண்மையாகவே எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து இருக்கும்மா" என்றார். "மேல வா."